'அம்மாவுக்கு உன்னைப் பார்க்கணுமாம்!' - அடுத்தவர் மனசைச் சொல்ல கொரிய மொழி போடும் கண்டிஷன்கள்

கே-டிராமா ரசிகர்களுக்கு 'போகோ சிப்பொ' என்ற வார்த்தையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மழையில் நின்றுகொண்டு ஹீரோ போனில் சொல்வார். சப்டைட்டிலில் 'ஐ மிஸ் யூ' என்று ஓடும். நேரடியான அர்த்தம் என்னவோ, 'பார்க்கணும்போல இருக்கு' என்பதுதான். நம் ஊர்ப் பேச்சுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்!

காட்சியைக் கொஞ்சம் மாற்றுவோம். ஊரில் இருக்கும் அம்மா அந்த ஹீரோவைப் பார்க்க ஏங்குகிறார். அதைத் தங்கை போனில் அவனிடம் சொல்ல வேண்டும். தமிழில் இது ஒரு விஷயமே இல்லை. 'எனக்கு உன்னைப் பார்க்கணும்' என்பதில் 'எனக்கு'வை எடுத்துவிட்டு 'அம்மாவுக்கு' என்று போட்டால் வேலை முடிந்தது. கொரிய மொழியில் அதையே செய்தால், கேட்பவருக்குப் புரியும்தான். ஆனால், ஏதோ இடறுகிறதே என்று ஒரு நொடி யோசிப்பார். அங்கே தங்கை, 'போகோ சிப்பொ ஹே' என்றுதான் சொல்வாள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி 'ஹே'வில்தான் விஷயமே இருக்கிறது.

கொரியன் படிக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே 'கோ சிப்பொயோ' பாடம் வந்துவிடும். வினைச்சொல்லோடு இதைச் சேர்த்தால் ஆசை. 'காகோ சிப்பொயோ' என்றால் போகணும்போல இருக்கு, 'மொக்கோ சிப்பொயோ' என்றால் சாப்பிடணும்போல இருக்கு. ரொம்ப ஈஸியாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும்போதே அடுத்த பாடம் வரும்: இதெல்லாம் உங்கள் ஆசைக்கு மட்டும்தான். அடுத்தவர் ஆசைக்கு வேறு!

தன்மை, முன்னிலை, படர்க்கை

பள்ளிக்கூடத்தில் படித்த இந்த மூன்று சொற்கள் இங்கே உதவும். கொரிய மொழியில் உணர்வைச் சொல்லும் சொற்களில் பெரும்பாலானவை, 'இப்படி இருக்கிறது' என்ற நிலையைச் சொல்பவை. 'சுல்ப்பொயோ' - வருத்தமா இருக்கு. 'முசொவொயோ' - பயமா இருக்கு. 'சுவொயோ' - குளிருது. நம்ம 'கோ சிப்பொயோ'வும் இந்தக் குடும்பம்தான்.

சாதாரணப் பேச்சில் இவற்றை 'இது இப்படித்தான்' என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால், ஆள் நீங்களாக இருக்க வேண்டும். அதாவது, தன்மை. கேள்வியாக மாறினால் உரிமை எதிரில் இருப்பவருக்குப் போய்விடும். 'சுவொயோ?' என்றால் 'உங்களுக்குக் குளிருதா?'. என் குளிரைப் பற்றி உங்களிடம் நான் கேட்க முடியாது, உங்கள் குளிரைப் பற்றி உங்களிடம் நான் அறிவிக்க முடியாது. யாருக்குக் குளிருகிறதோ அவர்தான் அதில் அத்தாரிட்டி.

தமிழிலும் இந்த உணர்வு லேசாக இருக்கிறது. எதிரில் இருப்பவரைப் பார்த்து 'உங்களுக்குப் பசிக்குது' என்று யாராவது அறிவிப்பார்களா? அம்மாக்கள் மட்டும்தான் அந்த உரிமையை எடுத்துக்கொள்வார்கள். 'உனக்குப் பசிக்குது, பேசாம வந்து சாப்பிடு' என்று நம் வயிற்றைப் பற்றி நமக்கே தீர்ப்பு சொல்வார்கள். கொரிய அம்மாக்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால், 'பேகொப்புஜி?' என்று கடைசியில் ஒரு 'ஜி' போட்டு, 'பசிக்குதுதானே?' என்று கேள்வி மாதிரி ஆக்கிக்கொள்வார்கள்.

சரி, படர்க்கைக்கு வருவோம். அங்கே இல்லாத மூன்றாவது ஆளின் மனசு. இதற்குத்தான் 'ஹாதா' என்ற வினைச்சொல் உதவிக்கு வருகிறது. 'செய்வது' என்பது அதன் பொருள். 'சுல்ப்பொயோ', 'சுல்ப்பொஹேயோ' ஆகிறது. 'முசொவொயோ', 'முசொவொஹேயோ' ஆகிறது. 'காகோ சிப்பொயோ', 'காகோ சிப்பொ ஹேயோ' ஆகிறது. இருப்பது, செய்வதாக மாறிவிடுகிறது. அவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால், வருத்தத்தில் இருப்பவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி அவர் நடந்துகொள்கிறார், அது வெளியே தெரிகிறது. அதைத்தான் நான் சொல்கிறேன் என்று அர்த்தம்.

இங்கே தமிழர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 'எனக்கு ஆசையா இருக்கு', 'அவன் ஆசைப்படுறான்'. 'எனக்குப் பயமா இருக்கு', 'அவ பயப்படுறா'. 'எனக்கு வருத்தமா இருக்கு', 'அவர் வருத்தப்படுறார்'. நம்முடைய 'படு'வும் கொரிய 'ஹாதா'வும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வித்தியாசம், நமக்கு இது சாய்ஸ். 'அவளுக்குப் பயமா இருக்கு' என்றாலும் தமிழில் தப்பில்லை. கொரியனில் அந்த சாய்ஸ் கிடையாது. புதிதாகப் படிக்கிறவர்கள் தமிழில் யோசிக்கும்போதே 'இருக்கு'வை விட்டுவிட்டு 'படுறாங்க' என்று யோசித்தால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும்.

இந்த ஒற்றுமை இன்னோர் இடத்தில் அப்படியே கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒருவரைத் தேற்றும்போது தமிழில் 'வருத்தமா இருக்காதே' என்று சொல்ல மாட்டோம், 'வருத்தப்படாதே' என்றுதான் வரும். 'பயமா இருக்காதே' கிடையாது, 'பயப்படாதே'தான். கொரியனிலும் அதே கதை. 'சுல்ப்பொஹாஜி மாசேயோ' என்றால் வருத்தப்படாதீங்க. 'முசொவொஹாஜி மா' என்றால் பயப்படாதே. ஒரு நிலையைப் பார்த்து 'வராதே' என்று கட்டளை போட முடியாது, செய்வதைத்தான் செய்யாதே என்று சொல்ல முடியும். 'ஹா' இல்லாமல் இங்கே வாக்கியமே அமையாது. டிராமாவில் ஆஸ்பத்திரி சீன் வரும்போது காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் மாட்டும்.

'ஜோவாயோ'வும் 'ஜோவாஹேயோ'வும்

'பிடிக்கும்' என்பதற்கு கொரியனில் இரண்டு வழி. 'கொப்பிகா ஜோவாயோ' என்றால், காபி நல்லா இருக்கு, எனக்கு இஷ்டம். இதில் காபிதான் எழுவாய். 'கொப்பிருல் ஜோவாஹேயோ' என்றால் காபியை விரும்புகிறேன் அல்லது விரும்புகிறார். இதில் காபி செயப்படுபொருள். அதனால்தான் முதலில் 'கா', பிறகு 'ருல்'. நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' மாதிரிதான் இந்த 'ருல்'. 'எனக்கு நாய்னா பயம்' என்பதில் நாய்க்கு 'ஐ' வராது, 'நாயைப் பார்த்துப் பயப்படுறான்' என்றால் வந்துவிடும். அதே கணக்கு.

தோழியின் விருப்பத்தைச் சொல்ல 'ஜோவாஹேயோ'தான் சரி. உங்களுக்கோ இரண்டுமே ஓகே. அப்படியானால் காதலைச் சொல்லும்போது எது பெட்டர் என்று கேட்டால், இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. 'நிகா ஜோவா' என்பது உள்ளே இருப்பது அப்படியே வழிந்து வருகிற மாதிரி. 'நோருல் ஜோவாஹே' என்பது, 'நான் உன்னை விரும்புறேன்' என்று நிமிர்ந்து நின்று சொல்வது மாதிரி. என் ஓட்டு முதலாவதுக்கு!

பார்த்தீர்களா, கேட்டீர்களா, யூகித்தீர்களா?

'ஹாதா' சேர்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் இல்லை. அது ஒரு கதவு மட்டும்தான். அடுத்தவர் மனசுக்குப் போக கொரிய மொழியில் இன்னும் சில கதவுகள் உண்டு. நீங்கள் எந்தக் கதவு வழியாக வந்தீர்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கொரியாவில் குழந்தையோடு ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வயிற்றுவலி. 'பேருல் அப்பாஹேயோ' என்று சொன்னால், குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்று பொருள். 'பேகா அப்புதேயோ' என்றால், வயிறு வலிக்குதாம், குழந்தையே வாய்திறந்து சொன்னது. 'பேகா அப்புன்கா ப்வாயோ' என்றால், அழுகிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது, வயிற்றுவலிபோலத் தெரிகிறது என்ற யூகம். மூன்றும் மூன்று தகவல்கள். பேச்சு வராத ஆறு மாதக் குழந்தைக்கு 'அப்புதேயோ' போட்டால் டாக்டரே திகைத்துப்போவார்! அந்த வயசுக்கு முதலாவதோ மூன்றாவதோதான்.

மேலே 'வலிக்குதாம்' என்று தமிழில் எழுதியதைக் கவனித்தீர்களா? கொரிய 'தேயோ'வுக்கு நம்மிடம் இருக்கும் அச்சு அசலான ஜோடி, அந்த 'ஆம்'தான். 'காகோ சிப்தேயோ' - போகணுமாம். மற்றவர் சொன்னதை நான் கடத்துகிறேன், உண்மை பொய்க்கு நான் பொறுப்பில்லை என்பதை ஒரே அசையில் சொல்லும் வசதி. இங்கிலீஷ் வழியாகக் கொரியன் படிக்கிறவர்கள் இதற்கு அரைப் பக்கம் விளக்கம் படிக்க வேண்டியிருக்கிறது. நமக்குப் பாட்டி சொல்லிக்கொடுத்த 'வர்றாங்களாம்', 'வேணாமாம்' போதும்.

'கொத் கத்தாயோ' என்பதும் யூகம்தான், 'போல இருக்கு' என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கும் 'ப்வாயோ'வுக்கும் ஒரு நுணுக்கமான வித்தியாசம் இருக்கிறது. 'ப்வாயோ' வர வேண்டுமென்றால் ஏதாவது ஒரு தடயம் வெளியே தெரிய வேண்டும், நீங்களே நேரடியாக அனுபவித்திருக்கவும் கூடாது. ஓர் ஓட்டல் வாசலில் நீளமான க்யூ நிற்கிறது. உள்ளே போகாமலேயே, 'இங்க சாப்பாடு நல்லா இருக்கும்போல' என்று சொல்ல 'ப்வாயோ' பொருத்தம். உள்ளே போய் நீங்களே சாப்பிட்டுவிட்டு அதைச் சொன்னால் சிரிப்பார்கள். அப்போது 'கொத் கத்தாயோ' சொல்லிக்கொள்ளலாம். சொந்தக் கருத்தைக்கூட மென்மையாகச் சொல்ல கொரியர்கள் அதை தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

சிரித்துக்கொண்டே சோகத்தை மறைக்கிற ஆள்களுக்கும் 'கொத் கத்தாயோ'தான். வருத்தத்தை வெளியே காட்டாதவரைப் பற்றி 'சுல்ப்பொஹேயோ' என்று சொல்ல முடியாது, ஏனென்றால், அவர் எதையும் 'செய்யவில்லை'. உள்ளுக்குள் அழுகிறார்போல என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 'கெத்' என்ற அசை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த தோழியிடம், 'ஹிம்துல்கெஸ்ஸோயோ' என்பார்கள். 'உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல' என்று பொருள். கஷ்டமா இருக்கிறது என்று அறிவிக்கவும் இல்லை, இருக்கிறதா என்று விசாரிக்கவும் இல்லை. உங்கள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன் என்று சொல்லாமல் சொல்வது. யாருக்காவது லாட்டரி மாதிரி லீவு கிடைத்தால், 'ஜோக்கெத்தா!' என்பார்கள். 'உனக்கென்னப்பா, ஜாலி!' என்பதில் வருகிற அதே செல்லப் பொறாமை.

ரூல் தளரும் இடங்கள்

இத்தனை கறாராக இருக்கிற விதி, சில இடங்களில் நெகிழ்ந்துகொடுக்கிறது. நாவலாசிரியருக்கு முழு விலக்கு. எல்லாம் அறிந்த கதைசொல்லி, 'அவனுக்கு அழவேண்டும்போல இருந்தது' என்று 'ஹாதா' இல்லாமலேயே எழுதலாம். 'உல்கோ சிப்பொத்தா'. பாத்திரத்தின் மனசுக்குள் புகுந்து பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடையாது. ஜப்பானிய மொழியிலும் இதே மாதிரி கட்டுப்பாடு இருக்கிறது. 'இகிதாய்' என்றால் எனக்குப் போகணும், அடுத்தவருக்கென்றால் 'காரு' என்ற விகுதி வந்து சேர வேண்டும். கதை சொல்லும் நடையில் அந்தக் கட்டுப்பாடு எப்படி விலகுகிறது என்பதைப் பற்றி மொழியியலாளர் எஸ்.ஒய். குரோதா 1973-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றைக்கும் பேசப்படுவது.

2024-ல் நோபல் பரிசு பெற்ற ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்' நாவலின் முதல் பகுதியை இந்தக் கண்ணோட்டத்தில் படித்துப்பாருங்கள். கொரிய மொழியில் 2007-ல் புத்தகமாக வந்தது. திடீரென இறைச்சியை விட்டுவிட்ட மனைவியைப் பற்றிக் கணவன் சொல்கிறான். அவள் என்ன செய்கிறாள் என்று அவன் பார்ப்பது மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. அவளுடைய கனவுகள் மட்டும் இடையிடையே அவள் குரலிலேயே வருகின்றன. அவன் எல்லாம் அறிந்த கதைசொல்லி இல்லை. வெறும் கணவன்.

பேச்சிலும் விலக்குகள் இருக்கின்றன. 'போக ஆசைப்படுகிற ஆள் யாராவது இருக்கீங்களா?' என்று பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது 'காகோ சிப்புன் சாரம்' என்று நேரடியாகவே சொல்லலாம். கோபத்துக்கும் இந்தச் சிக்கல் இல்லை. 'ஹ்வாகா நஸ்ஸோயோ' என்றால் கோபம் வந்துவிட்டது. அது முதலிலேயே வினைச்சொல், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். டீச்சருக்குக் கோபம் வந்தால் அதை யூகிக்கவா வேண்டும்? 'அப்பாயோ'வும் அப்படித்தான். பொதுவாக 'உடம்பு சரியில்லை' என்ற அர்த்தத்தில் குழந்தைக்கோ பாட்டிக்கோ தாராளமாகச் சொல்லலாம். குறிப்பிட்ட இடத்தில் வலி என்று வரும்போதுதான், நாம் பார்த்த டாக்டர் ரூம் கணக்கு.

இந்த இடத்தில், 'அப்படின்னா தமிழும் கொரியனும் ஒரே குடும்பமா?' என்று யாராவது கேட்பீர்கள். 1905-லேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். 'அம்மா - அப்பா' ஒற்றுமையை வைத்து வாட்ஸ்அப்பில் இன்றும் ஃபார்வேர்டுகள் சுற்றுகின்றன. வினைச்சொல் கடைசியில் வருவது, விகுதிகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவது என்று சாயல்கள் நிறைய. ஆனால், சாயல் இருப்பதால் சொந்தமாகிவிடாது. இந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. சாயல் இருக்கிறதா, படிக்க ஈஸியாக இருக்கிறதா, அதுவரைக்கும் லாபம்.

மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் முதல் கார் வந்தது முதல், கொரிய மேலாளர்களுக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவது சென்னையில் ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. கொரிய அரசின் வேலை அனுமதித் திட்டத்தில், மொழித்தேர்வு எழுதிப் போகிறவர்களில் இலங்கையர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் இந்த 'ஹே'வும் 'தேயோ'வும் டிராமா ரசனையோடு முடிகிற விஷயம் இல்லை.

ஓர் உதாரணம். லைனில் வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி சூப்பர்வைசர் தமிழில், 'அவருக்கு வேலையை விடணும் சார்' என்கிறார். தமிழில் அது ஒரே வாக்கியம். கொரிய மேலாளருக்கு அதைச் சொல்லவேண்டிய மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? 'குமான்துகோ சிப்தேயோ' என்றால், அந்தத் தொழிலாளியே வேலையை விடப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். 'குமான்துகோ சிப்பொ ஹேயோ' என்றால், அவர் நடந்துகொள்கிற விதத்திலேயே அது தெரிகிறது. 'குமான்துகோ சிப்புன் கொத் கத்தாயோ' என்றால், சூப்பர்வைசருக்கு அப்படித் தோன்றுகிறது. முதலாவதைக் கேட்கும் மேலாளர் புது ஆளைத் தேடத் தொடங்கலாம். மூன்றாவதைக் கேட்டால், 'அவரைக் கூப்பிடுங்க, பேசிப்பார்ப்போம்' என்று சொல்லலாம். தமிழ் வாக்கியத்தில் இல்லாத ஒரு தகவலை மொழிபெயர்ப்பாளர் தானாகச் சேர்க்க முடியாது, சேர்க்காமலும் விட முடியாது. அதனால், சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, 'அவரே சொன்னாரா, இல்ல உங்களுக்குத் தோணுதா?' என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

மேலாளரின் விருப்பத்தை இன்னொரு கொரியரிடம் சொல்லும்போது மரியாதையும் சேர்ந்துகொள்ளும். 'ஹேயோ' போய் 'ஹாசேயோ' வரும். 'காகோ சிப்பொ ஹாசேயோ' - போக விரும்புறாங்க. அவர் வாயாலேயே சொன்னதாக இருந்தால், 'காகோ சிப்தாகோ ஹாசிம்னிதா' - போக விரும்புறதா சொல்றாங்க. எதிரிலேயே இருந்தால் இந்தச் சுற்றுவழி எதுவும் வேண்டாம். 'துசிகோ சிப்புசேயோ?' என்று மரியாதையாக, என்ன சாப்பிட விரும்புறீங்க என்று நேராக அவரிடமே கேட்டுவிடலாம்.